கடலுக்குப் போய் வந்த அன்று சண்டை இல்லை

ராமேஸ்வரம் தீவில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று வாரத்தில் மூன்று நாட்கள்தான் கடலுக்குப் போகும். மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்காரர்களுக்கு. காலையில் டோக்கன் வாங்கிக்கொண்டு கிளம்பும் விசைப்படகு மறுநாள் காலையில்தான் கரை சேரும். இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். படகில் போகிறவன் முந்தைய இரவு வீட்டில் தூங்கி, அன்று முழுவதும் கரையிலும் இருக்கும் நாள் வாரத்தில் ஒன்றுதான். அது வெள்ளிக்கிழமை. எங்கள் கராத்தே வகுப்பின் அட்டவணை அந்த ஒரு நாளைச் சுற்றித்தான் அமைந்திருக்கிறது.

நான் இதே தீவிலுள்ள தங்கச்சிமடத்தில் ஒரு மீன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். சிறுவயதில் சிலம்பம் சுற்றினேன். பிறகு கராத்தேக்கு வந்தேன். மாஸ்டர் வராத மாலைகளில் கம்பெனியின் பின்முற்றத்தில் வகுப்பை நடத்துவது என் பொறுப்பு. வருகிறவர்களில் படகுக்குப் போகும் இளைஞர்கள், ஐஸ் உடைக்கிறவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் இரண்டு பெண்கள் எல்லாரும் உண்டு. போட்டிக்குப் போவார்கள், சிலர் பதக்கமும் வாங்குவார்கள். ஆனால் அதை வைத்துப் பிழைப்பவர் எங்களில் யாரும் இல்லை. தொழில்முறை வீரனுக்குப் பயிற்சிதான் வேலை. அது முடிந்தால் ஓய்வு. எங்களுக்கோ வேலை முடிந்த பிறகுதான் பயிற்சி தொடங்குகிறது. கைபேசியில் சுற்றி வரும் 'வாரம் ஆறு நாள், நாளுக்கு இரண்டு வேளை' அட்டவணைகள் இந்த ஒரு விஷயத்தைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

விசைப்படகில் வலையை இழுக்க வின்ச் இயந்திரம் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் மீன் சேரும் வலையின் மடியை இழுத்துக் கொட்டி, ஆடும் தளத்தில் குந்தி உட்கார்ந்து மீனைப் பிரித்து, கூடை கூடையாக ஐஸ் போட்டு அடைப்பது மனிதர்கள்தான். இரவில் இடையிடையே கிடைக்கும் தூக்கத்தைத் தூக்கம் என்று சொல்ல முடியாது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவனின் கவனமும் வேகமும் ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவனுடைய அளவுக்கு மந்தமாகிவிடும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அப்படிப்பட்டவனை எதிரில் நிறுத்தி முகத்துக்குக் குத்து விடச் சொல்வது பயிற்சி ஆகாது. அடியைத் தடுக்கக் கை அரை நொடி தாமதமாக வரும். அந்த அரை நொடியில்தான் பல் உடைகிறது. ஆகவே எங்கள் முற்றத்தில் ஒரு விதி உண்டு. கடலுக்குப் போய் வந்த அன்று சண்டைப் பயிற்சி கிடையாது. செவ்வாய், வியாழன் மாலைகளில் கட்டா (எதிராளி இல்லாமல் தனியாகச் செய்யும் அசைவுத் தொடர்), நின்ற இடத்தில் அடிப்படை அசைவுகள், இடுப்பையும் கணுக்காலையும் தளர்த்தும் பயிற்சிகள், மொத்தம் நாற்பது நிமிடம். வெள்ளிக்கிழமை மட்டும் முழு வேகம். ஞாயிறு காலையில் கரை சேர்ந்து பகலில் தூங்கி எழுந்தவர்களுக்கு மாலையில் கொஞ்சம் பலப் பயிற்சி.

"அண்ணே, வாரத்தில் ஒரு நாள் மட்டும் சண்டை போட்டால் மதுரைப் பையன்களை எப்படி ஜெயிப்பது?" என்று ஒரு தம்பி கேட்டான். நியாயமான கேள்விதான். களைத்த உடம்போடு நான்கு நாள் மோதி, இரண்டு மாதத்தில் தோளையோ முழங்காலையோ கெடுத்துக்கொண்டு வீட்டில் உட்காருவதைவிட, வருடம் முழுக்க வெள்ளிக்கிழமை தவறாமல் வருகிறவன் முன்னேறுகிறான் என்பதை நான் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

பலப் பயிற்சியிலும் அவரவர் தொழிலைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். வலையும் கயிறும் இழுப்பவனுக்கு முதுகும் முன்கையும் பிடியும் ஏற்கெனவே இரும்பு. அவனுக்கு மேலும் புல்-அப் கொடுப்பதில் அர்த்தமில்லை. அவனுடைய தோள் முன்னால் வளைந்திருக்கும், இடுப்பு இறுகியிருக்கும், தள்ளும் தசைகள் பின்தங்கியிருக்கும். தண்டால், பஸ்கி, ஒற்றைக்காலில் உட்கார்ந்து எழுதல், தோளைப் பின்னால் திறக்கும் பயிற்சிகள் அவனுக்கு. கடையில் நிற்கிறவர்களுக்கும் என்னைப்போல் கணக்குப் புத்தகத்தின் மேல் குனிந்திருப்பவர்களுக்கும் இழுக்கும் பயிற்சி கட்டாயம். மரக்கிளையில் தொங்கினாலும் சரி, மணல் மூட்டையைத் தூக்கினாலும் சரி. வாரத்துக்கு இரண்டு முறை, முறைக்கு அரை மணி நேரம் போதும்.

கடற்கரை மணலில் ஓடினால் கால் உறுதிப்படும் என்று எல்லாரும் சொல்வார்கள். உறுதிப்படும், கூடவே கெண்டைக்கால் நரம்பும் இழுத்துக்கொள்ளும். உலர்ந்த மணலில் ஓடக் கெட்டித் தரையில் ஓடுவதைவிட ஏறத்தாழ 1.6 மடங்கு சக்தி செலவாகும். ஆகவே அங்கே தூரத்தைக் கணக்கிடக் கூடாது. பத்து, பதினைந்து நொடி விரைவோட்டம், நடந்து திரும்புதல், மறுபடியும் ஓட்டம். அது போதும். நீண்ட மெதுவோட்டத்துக்கு அலை நனைத்த கெட்டி மணல்தான் சரி. ஆனால் அங்கே தரை கடலை நோக்கிச் சரிந்திருக்கும். ஒரே திசையில் ஓடினால் ஒரு பக்க இடுப்பு மட்டும் வலிக்கும். பாதி தூரம் ஓடித் திரும்பிவிடுங்கள். கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடியில் தெற்கே ஆண் கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் மணல் முகத்தில் அறையும். அந்த மாதங்களில் நாங்கள் வடக்கே பெண் கடல் (பாக் விரிகுடா) ஓரமாக ஓடுகிறோம். செருப்பில்லாமல் ஓடுகிறவர்கள் சிப்பி ஓட்டையும் உடைந்த பாட்டிலையும் பார்த்துக் கால் வைக்க வேண்டும். மீனவப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. ஊரிலிருந்து வரும் கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சாப்பாட்டு விஷயத்தில்தான் அதிகமாகக் காசு வீணாகிறது. பெரிய டப்பாவில் புரதப் பொடி வாங்கிக்கொண்டு வரும் பையன்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வரும். அவன் வீட்டு வாசலில் சாளை மீன் (மத்தி) கூடை கூடையாக இறங்குகிறது. அதை விற்றுவிட்டுப் பொடி வாங்குகிறான்.

கணக்கு இதுதான். சாதாரணமாக வாழ்கிறவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. கடுமையாகப் பயிற்சி செய்கிறவருக்கு 1.4 முதல் 2 கிராம் வரை தேவை. நடுவில் 1.6 என்று வைத்துக்கொண்டால், 60 கிலோ எடையுள்ள ஒருவனுக்கு நாளுக்கு 96 கிராம். தலையும் குடலும் முள்ளும் கழித்து 200 கிராம் சாளை தின்றால் அதில் ஏறத்தாழ 40 கிராம் வந்துவிடும். இரண்டு அவித்த முட்டையில் 12. ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 13. ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 10. ஒரு தம்ளர் பால் அல்லது தயிரில் 6, 7. மூன்று வேளைச் சோற்றிலிருந்தே 15 கிராம் வரை வரும். சோற்றில் புரதமே இல்லை என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கூட்டினால் 96-ஐத் தொட்டுவிடும். டப்பாவுக்கு இதில் இடமே இல்லை. மீன் கிடைக்காத ஊரில், சமைக்க ஆளில்லாத அறையில் தங்கியிருப்பவருக்குப் பொடி உதவலாம், அதை மறுக்கவில்லை.

முட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. பச்சை முட்டையை உடைத்துக் குடித்தால்தான் வீரியம் என்று சிலம்பம் பழகிய காலத்திலிருந்தே கேட்டு வருகிறேன். வெந்த முட்டையின் புரதத்தில் தொண்ணூறு சதவீதத்தை உடல் எடுத்துக்கொள்கிறது. பச்சையாகக் குடித்தால் பாதிதான் சேர்கிறது. குமட்டலைச் சகித்துக்கொண்டு பாதிப் பலனைத் தேடுவானேன்? ஆனால் அதே பழைய ஆசான்கள் சொன்ன ஊறவைத்த கடலையும் முளைகட்டிய பயறும் இன்றைக்கும் சரிதான்.

மீனை வறுத்தே தின்னும் பழக்கம் இங்கே அதிகம். ஆணமாகவோ (குழம்பு) அவியலாகவோ வைத்தால் எண்ணெய் குறையும். கருவாடு ருசிதான், புரதமும் நிறைய. ஆனால் உப்பு அதைவிட நிறைய. தொட்டுக்கொள்ளும் அளவோடு நிறுத்துவது நல்லது.

எப்போது சாப்பிடுவது என்பதும் முக்கியம். மாலை ஆறரைக்கு வகுப்பு என்றால் மதியச் சாப்பாடு மூன்று மணிக்குள் முடிய வேண்டும். ஐந்தரைக்கு ஒரு வாழைப்பழமோ இரண்டு இட்லியோ போதும். தை மாதத்தில் அவித்த பனங்கிழங்கு மலிவாகக் கிடைக்கும். ஆனால் நார் அதிகம், வகுப்புக்கு முன்னால் தின்றால் வயிறு உப்பும். அதை இரவுக்கு வைத்துக்கொள்ளலாம். பயிற்சி முடிந்த பிறகு இரவில் சோறு சாப்பிடக் கூடாது என்று சிலர் பட்டினி கிடக்கிறார்கள். விடிகாலையில் படகேற வேண்டியவன் இரவில் சோறும் மீனும் தின்னாமல் எதை வைத்து வேலை செய்வான்? சோற்றைக் குறைப்பது நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவன் செய்ய வேண்டியது, அதாவது நான்.

இனி வியர்வை. மீன் நிறுக்கும் மின்னணுத் தராசு முற்றத்திலேயே இருப்பது எங்களுக்குப் பெரிய வசதி. வகுப்புக்கு முன் தட்டின் மேல் தண்ணீர் விட்டுக் கழுவுவோம். எவ்வளவு கழுவினாலும் ஓரத்தில் நாலு சாளைச் செதில் மினுங்கிக்கொண்டுதான் இருக்கும். பையன்கள் உள்டிராயரோடு ஒவ்வொருவராக ஏறுவார்கள். எண் நிலைப்பதற்குள், "அறுபத்திரண்டு கிலோ, கேள்வி ஆரம்பம்!" என்று ஒருவன் ஏலக்காரர் குரலில் கத்துவான், இன்னொருவன் கிலோ இருபது ரூபாய்க்குக் கேட்பான். எடையை நான் சுவரில் கரிக்கட்டியால் எழுதி வைப்பேன். வகுப்பு முடிந்ததும் வியர்வையைத் துடைத்துவிட்டு மறுபடியும் ஏற வேண்டும். சித்திரையில் ஒன்றரை மணி நேரத்துக்குள் ஒரு கிலோவும் அதற்கு மேலும் இறங்கியிருக்கும். அந்த ஒரு கிலோ கொழுப்பு அல்ல, ஒரு லிட்டர் தண்ணீர். உடல் எடையில் இரண்டு சதவீதம் தண்ணீர் போனாலே வேகம் குறையத் தொடங்கும். 60 கிலோ பையனுக்கு அது 1.2 கிலோ. இழந்த எடையைப்போல் ஒன்றேகால் முதல் ஒன்றரை மடங்கு தண்ணீரை அடுத்த சில மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும்.

எங்கள் கரையில் வெப்பத்தைவிடப் புழுக்கம்தான் எதிரி. காற்றில் ஈரம் மிகுந்திருக்கும்போது வியர்வை வழிகிறதே தவிர உலர்வதில்லை. உலராத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. பயிற்சிக்கு நடுவில் தண்ணீர் குடித்தால் மூச்சு கெடும் என்று தடுக்கும் ஆசான்கள் இன்னும் இருக்கிறார்கள். மரியாதையோடு அதை மீறுங்கள். ஆனால் வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடிப்பதும் ஆபத்து. வியர்வையோடு உப்பும் போகிறது. இளநீர் எல்லாவற்றுக்கும் மருந்து என்ற நம்பிக்கை உண்டு. இளநீரில் பொட்டாசியம்தான் அதிகம், வியர்வையில் முக்கியமாகப் போவது சோடியம். ஆகவே இளநீர் குடித்தாலும் உப்பு வேறு வழியில் உள்ளே போக வேண்டும். உப்புப் போட்ட நீராகாரம், கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம். அல்லது உப்பிட்ட நீர்மோர். இவை இரண்டும் கடையில் விற்கும் வண்ணத் தண்ணீருக்கு எந்த வகையிலும் குறைந்தவை அல்ல. ரொம்பவும் சோர்ந்துபோனால் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து குடிக்கலாம். பதநீர் காலத்தில் விடிகாலைப் பயிற்சிக்குப் பிறகு ஒரு பட்டை பதநீர் அருமையானது. வெயில் ஏற ஏறப் புளிக்கும், பிறகு அது வேறு பானம்.

பயிற்சியின்போது ஒருவன் உளறினாலோ, தள்ளாடினாலோ, உடம்பு நெருப்பாகச் சுட்டாலோ, நிழலில் படுக்க வைத்து விசாரித்துக்கொண்டிருக்கக் கூடாது. உடனே உடம்பெல்லாம் தண்ணீரை ஊற்றுங்கள், ஐஸ் இருந்தால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வையுங்கள், 108-ஐ அழையுங்கள். ஐஸுக்கு எங்கள் முற்றத்தில் பஞ்சமில்லை என்பது அதிர்ஷ்டம்.

போட்டிக்கு முன் எடை குறைக்கும் பைத்தியக்காரத்தனத்தைப் பற்றிக் கடுமையாகவே சொல்கிறேன். கராத்தேயில் பெரியவர்களுக்கான ஆண்கள் பிரிவுகள் 60, 67, 75, 84 கிலோ என்று போகின்றன. 69 கிலோ இருக்கும் பையன் 67-க்குள் நுழைய ஆசைப்படுவான். ஒரு மாவட்டப் போட்டிக்கு முன்னால் வேறு இடத்தில் பழகும் பையன் ஒருவனை மழைக்கோட்டு மாட்டி உச்சி வெயிலில் மணலில் ஓட விட்டிருந்தார்கள். எடை இறங்கியது. முதல் சுற்றிலேயே இரண்டு தொடையிலும் சதை பிடித்து விழுந்து, குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு வீடு திரும்பினான். அவனுக்கு அதோடு போயிற்று. 1997-இல் அமெரிக்காவில் இப்படி உடம்பின் தண்ணீரை வற்றவைத்து எடை குறைத்த கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூன்று பேர் சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து இறந்தார்கள். அதன் பிறகுதான் அங்கே விதிகளை மாற்றினார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகத் 50 கிலோ பிரிவின் இறுதிப் போட்டி நாளில் 100 கிராம் கூடுதலால் தகுதி இழந்ததை நாடே பார்த்தது. மருத்துவரும் உணவு நிபுணரும் பக்கத்தில் இருந்தும் இரவு முழுக்கப் போராடி முடியவில்லை என்றால், தங்கச்சிமடத்துப் பையன் தனியாக எதைச் சாதிப்பான்? இரண்டு கிலோ குறைய வேண்டுமென்றால் ஒரு மாதத்துக்கு முன்பே வறுவலையும் இனிப்பையும் குறைத்து, வாரத்துக்கு அரைக் கிலோ வீதம் இறங்கட்டும். முடியாவிட்டால் மேல் பிரிவில் நின்று ஆடட்டும். வளரும் வயதுப் பிள்ளைகளுக்கு எடை குறைப்பே கூடாது.

பெண் பிள்ளைகளுக்கு இதில் கூடுதல் கவனம் தேவை. ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. இரண்டு நிமிடத்தில் மூச்சு வாங்குகிற பெண்ணைச் சோம்பேறி என்று திட்டும் முன், ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்ல வேண்டும். முருங்கைக்கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்பு நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது தடைபடும். பயிற்சி கூடி, சாப்பாடு குறைந்து, மாதவிலக்கு நின்றுபோனால் அதைக் கட்டுக்கோப்பின் அடையாளமாக எண்ணிவிடக் கூடாது. உடம்புக்குப் போதிய சாப்பாடு இல்லை என்று அர்த்தம். இதை ஆண் ஒருவன் சொன்னால் கூச்சப்படுவார்கள் என்பதால் மூத்த மாணவியிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.

நோன்பு மாதத்தில் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் நோன்பாளிகள். அப்போது கடும் பயிற்சியை நோன்பு திறப்பதற்கு முன்னால் வைப்பதில்லை; வேண்டுமானால் கடைசி அரை மணி நேரம் கட்டா மட்டும். பேரீச்சம்பழம், தண்ணீர், நோன்புக் கஞ்சி என்று திறந்து, ஒன்றரை மணி நேரம் கழிந்த பிறகு பலப் பயிற்சி. கஞ்சியில் அரிசி, பருப்பு, கொஞ்சம் கறி, உப்பு, தண்ணீர் எல்லாம் இருக்கிறது. வறுத்த வடை, சமோசாவால் வயிற்றை நிரப்பாமல் அதை இரண்டு கோப்பை குடிப்பது மேல். விடியலுக்கு முன் சாப்பிடும் சஹர் சாப்பாட்டை விட்டுவிட்டுத் தூங்குகிறவன் மட்டும் அந்த மாதம் மெலிகிறான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுப் பையன்கள் முழுக்கக் கரையில் இருப்பார்கள், இரவெல்லாம் தூங்குவார்கள். உடம்பில் பலம் ஏற்ற இதைவிட நல்ல காலம் கிடையாது. ஆனால் கத்திரி வெயிலும் அப்போதுதான். உடம்பு வெயிலுக்குப் பழகப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். ஆகவே முதல் இரண்டு வாரம் பாதி அளவுதான், அதுவும் விடியலில். கையில் காசு குறைவு, மீன் விலையோ உச்சத்தில். அப்போது முட்டை, பாசிப்பயறு, கடலை, நாட்டுப்படகில் வரும் காரல் என்று ஓட்டுகிறோம். காரலில் முள் அதிகம் என்று விலை குறைவு. ரசம்போல் ஆணம் வைத்தால் சத்து முழுக்க இறங்கிவிடும் என்று சொல்லிக்கொண்டு சாறை மட்டும் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். புரதம் சதையில்தான் இருக்கிறது. பொறுமையாக முள்ளை எடுத்துத் தின்ன வேண்டும்.

கடைசியாக, யாரும் எழுதாத ஒன்று: படர்தாமரை. புழுக்கத்தில் நனைந்த கராத்தே உடையைச் சுருட்டிப் பையில் வைத்து, அடுத்த வகுப்புக்கு அதையே மாட்டுகிறவன் மூலம் முற்றம் முழுக்கப் பரவும். வகுப்பு முடிந்ததும் நல்ல தண்ணீரில் குளித்து, தொடை இடுக்கை உலரத் துடைத்து, உடையை அன்றன்றே துவைத்து வெயிலில் போட வேண்டும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் கலப்புக் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. இரண்டு நாளில் அரிப்பு அடங்கும். பிறகு இரண்டு மடங்காகத் திரும்பி வரும். தோல் மருத்துவரிடம் காட்டி, அவர் சொன்ன நாள் வரை மருந்தை நிறுத்தாமல் போட வேண்டும். அது ஆறும்வரை பிடிப் பயிற்சிக்கு ஜோடி சேர்ப்பதில்லை. ஓரமாக நின்று தனியாகக் கட்டா செய்யலாம், எடையும் பார்த்துக்கொள்ளலாம், தராசைக் கழுவும் வேலை மட்டும் அவனுடையது.